பன்னிரண்டரை டாலரும் ஒண்ணரை டாலரும்

சாட்ஜிபிடிகிட்ட அசிங்கமா ஏதாவது கேட்டுப் பாருங்க, மன்னிப்புக் கேட்டுட்டு ஒதுங்கிடும். இந்த நாகரிகம் அதுக்கு எங்கிருந்து வந்தது? இணையத்தில் கிடந்த எழுத்தையெல்லாம் விழுங்கி வளர்ந்தது அது. விழுங்கியதில் சாக்கடையும் சேர்த்தி. எது சாக்கடை என்று யாராவது படித்துப் பார்த்துச் சொல்லித்தர வேண்டும்.

அப்படிப் படித்தவர்கள் நைரோபியில் இருந்தார்கள். 2021 கடைசியில் ஓபன்ஏஐ நிறுவனம் சாமா என்ற நிறுவனத்தோடு ஒப்பந்தம் போட்டது. கொலை, சித்திரவதை, தற்கொலை, குழந்தைகள் மீதான பாலியல் வன்முறை பற்றிய பத்திகளைப் படித்து, எது எந்த வகை என்று குறியிடுவதுதான் வேலை. அந்தக் குறிகளை வைத்துத்தான் வடிகட்டி பழக்கப்பட்டது. ஒன்பது மணி நேர ஷிப்டில் 150 முதல் 250 பத்திகள் என்றார்கள் தொழிலாளர்கள். இல்லை, 70 தான் என்றது சாமா. எழுபதே இருக்கட்டும். உட்கார்ந்து படிக்க முடியுமா?

2023 ஜனவரியில் டைம் இதழ் கணக்கை வெளியே கொண்டுவந்தது. ஓபன்ஏஐ தர ஒப்புக்கொண்டது மணிக்கு 12.50 டாலர். தொழிலாளி கைக்குப் போனது 1.32 முதல் 2 டாலர் வரை. கட்டமைப்பு, மேற்பார்வை, சலுகைகள் எல்லாம் அந்தப் பன்னிரண்டரைக்குள் அடக்கம் என்று சாமா விளக்கம் சொன்னது. நம்ம ஊர் கட்டட மேஸ்திரியும் இதையேதான் சொல்வார்.

ஆனால் இந்தச் சங்கிலியில் காசை விடப் பெரிய விஷயம் ஒண்ணு இருக்கு: பொறுப்பு. பேஸ்புக்குக்காகக் கொடூர வீடியோக்களைப் பார்த்து நீக்கும் வேலையும் இதே சாமாவில் நடந்தது. மொழி தெரிந்த ஆள் வேண்டும் என்பதால் எத்தியோப்பியா, தென்னாப்பிரிக்கா என்று பல நாடுகளிலிருந்து வந்தவர்கள் அங்கே இருந்தார்கள். தென்னாப்பிரிக்காவைச் சேர்ந்த டேனியல் மொடாவுங் சங்கம் சேர்க்க முயன்றார், வேலை போனது. 2022 மே மாதம் அவர் வழக்குப் போட்டபோது மெட்டா வைத்த வாதம்: நாங்கள் கென்யாவில் இல்லை, அவர் எங்கள் ஊழியரும் இல்லை.

பார்க்க வேண்டிய வீடியோவும் அவர்களுடையது, எதை நீக்கணும் என்ற விதியும் அவர்களுடையது. பார்க்கிற ஆள் மட்டும் வேற ஒருத்தருடையவர்! அமெரிக்காவில் இதே வேலை பார்த்து மனம் உடைந்தவர்களுக்கு 2020லேயே 5.2 கோடி டாலர் தர பேஸ்புக் சம்மதித்திருந்தது.

2023 மே தினத்தன்று நைரோபியில் 150க்கும் மேற்பட்டோர் கூடி, சங்கம் அமைப்பது என்று வாக்களித்தார்கள். பேஸ்புக், டிக்டாக், சாட்ஜிபிடி மூன்றுக்கும் பின்னால் வேலை பார்த்தவர்கள் அதில் இருந்தார்கள். 2024 செப்டம்பரில் கென்ய மேல்முறையீட்டு நீதிமன்றம், மெட்டா மீது அங்கேயே வழக்கு நடத்தலாம் என்று தீர்ப்பளித்தது.