ஆஸ்பத்திரியில் ஓ.டி.பி கேட்கிறார்களா? சொல்வதற்கு முன் இதைத் தெரிந்துகொள்ளுங்கள்!

"ஆதார் கொடுங்கம்மா... போனுக்கு ஒரு நம்பர் வந்திருக்கும், சொல்லுங்க." ஆஸ்பத்திரிகளில் ஓ.பி சீட்டு பதியும் இடத்தில் இப்போது அடிக்கடி கேட்கிற குரல் இது.

கல்வராயன் மலையில் இருக்கும் கரியாலூரிலிருந்து பெரிய ஆஸ்பத்திரிக்குப் போக, மலையிறங்கி கள்ளக்குறிச்சிக்கு வர வேண்டும். அப்படி வருகிறவர் கையில் போன் இல்லாமல் இருக்கலாம். ஆதாரில் கொடுத்த எண், வெளியூருக்கு வேலைக்குப் போன மகனிடம் இருக்கும். அவரைக் கூப்பிட்டு நம்பரைக் கேட்டுச் சொன்னால் சீட்டு கிடைத்துவிடும். ஆனால், எதற்குச் சம்மதம் சொன்னோம்?

ஆபா என்றால் என்ன?

பல இடங்களில் அந்த ஓ.டி.பி, 'ஆபா' எனப்படும் 14 இலக்க சுகாதாரக் கணக்கு எண்ணுக்கானது. 2021 செப்டம்பர் 27-ல் நாடு முழுக்கத் தொடங்கப்பட்ட ஆயுஷ்மான் பாரத் டிஜிட்டல் திட்டத்தில் இது வருகிறது. பல ஆஸ்பத்திரிகளில் எடுத்த ரத்தப் பரிசோதனை, ஸ்கேன், மருந்துச்சீட்டு விவரங்களை இந்த எண்ணோடு இணைத்து, போனிலேயே பார்க்கலாம். பழைய சீட்டைத் தொலைத்தவர்களுக்கு இது பெரிய உதவி.

இது காப்பீட்டு அட்டை அல்ல. கட்டாயமும் இல்லை. 'வேண்டாம்' என்றாலும் சிகிச்சை உண்டு.

சம்மதம் ஒன்றல்ல, இரண்டு!

கணக்கு தொடங்கச் சொல்லும் சம்மதம் ஒன்று. அதில் இருக்கும் விவரங்களை ஒரு டாக்டருக்குக் காட்டச் சொல்லும் சம்மதம் இன்னொன்று. இரண்டாவது கேட்கப்படும்போது, போனில் இவற்றைப் பாருங்கள்:

* கேட்பது யார்?
* எதற்காக?
* எந்தெந்த விவரங்கள்?
* எந்தத் தேதியிலிருந்து எதுவரை உள்ளவை?
* அனுமதி எப்போது முடியும்?

கொடுத்த சம்மதத்தைப் பிறகு திரும்பவும் பெறலாம். 2023-ல் இயற்றப்பட்ட டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டமும் இதைத்தான் சொல்கிறது. சம்மதம் கொடுப்பது எவ்வளவு சுலபமோ, திரும்பப் பெறுவதும் அவ்வளவு சுலபமாக இருக்க வேண்டும். அறிவிப்பைத் தமிழில் படிக்கவும் வழி இருக்க வேண்டும். இந்தச் சட்டம் படிப்படியாக நடைமுறைக்கு வருகிறது.

யாருடைய போன் நம்பர்?

கவனிக்க வேண்டியது இதுதான். கணக்கில் பக்கத்து வீட்டுக்காரர் எண்ணைக் கொடுத்தால், ஓ.டி.பி அவர் போனுக்குத்தான் போகும். கர்ப்பம், காசநோய், மனநலம் என்று வீட்டில்கூடச் சொல்லத் தயங்கும் விஷயங்கள் அந்தக் கணக்கில் இருக்கலாம். எனவே சொந்த எண்ணையோ, முழுதாக நம்புகிறவரின் எண்ணையோ மட்டும் கொடுங்கள். ஏற்கெனவே வேறு எண்ணைக் கொடுத்திருந்தால் மாற்றிக்கொள்ளலாம்.

படிக்கத் தெரியாதவர்கள், "இது எதுக்குங்க? கொஞ்சம் படிச்சுச் சொல்லுங்க" என்று கேட்கத் தயங்க வேண்டாம். கேட்பது உங்கள் உரிமை.

போனே வேண்டாம் என்பவர்களுக்கும் வழி இருக்கிறது. இந்திய மருத்துவ கவுன்சிலின் 2002-ம் ஆண்டு விதிகளின்படி, நோயாளி தன் மருத்துவ ஆவணங்களைக் கேட்டால் 72 மணி நேரத்துக்குள் கொடுக்க வேண்டும். அந்தக் காகிதங்களை ஒரு பையில் பத்திரமாக வைத்து, அடுத்த முறை டாக்டரிடம் போகும்போது மறக்காமல் எடுத்துச் செல்லுங்கள்.