பிச்சாவரத்தைக் காப்பாற்றியது வாய்க்கால்

பெரம்பலூர், அரியலூர் பக்கம் கடல் இருந்தது டைனோசர் காலத்தில். காரை கிராமத்துப் புதைபடிவங்களோடு அந்தக் கதை முடிந்துவிட்டது என்றுதான் நம்மில் பலரும் நினைக்கிறோம். ஆனால் மேப்பை விரித்துப் பாருங்கள். 2007-ல் அரியலூர் மறுபடி தனி மாவட்டமாகப் பிரிவதற்கு முன்பிருந்த பழைய பெரம்பலூர் மாவட்டத்துக்கு வடக்கு எல்லை வெள்ளாறு, தெற்கு எல்லை கொள்ளிடம். நம்ம சின்னாறு வெள்ளாற்றில் சேர்கிறது, மருதையாறு கொள்ளிடத்தில் சேர்கிறது. இந்த இரண்டு பெரிய ஆறுகளும் கடலில் விழும் இடங்களுக்கு நடுவில்தான் பிச்சாவரம் அலையாத்திக் காடு இருக்கிறது. நம்ம ஊரில் பெய்கிற மழையின் ஒரு பங்கு போய்ச் சேரும் இடம் அது.

பிச்சாவரம் என்றதும் படகுச் சவாரியும் 'இதயக்கனி' படமும் ஞாபகம் வரும். அந்தக் காடு ஒரு காலத்தில் பாதி செத்துக் கிடந்து பிழைத்த கதை அவ்வளவாகப் பேசப்படுவதில்லை. என்னைப் போல சாஃப்ட்வேர் தொழிலில் இருப்பவர்களுக்கு அந்தக் கதை ரொம்பப் பிடிக்கும். ஏன் என்றால், பல வருஷமாகத் தப்பான இடத்தில் தேடிக்கொண்டிருந்த ஒரு பிழையின் மூல காரணத்தைக் கண்டுபிடித்த கதை அது.

யார் மேல் பழி?

காட்டுக்குள் அங்கங்கே வெட்டவெளி. உப்புப் பூத்த தரையில் உமரிச் செடியைத் தவிர வேறு எதுவும் முளைக்கவில்லை. இதற்குக் காரணம் சுற்றியுள்ள ஊர்க்காரர்கள்தான், அவர்கள் விறகு வெட்டுகிறார்கள், மாடு மேய்க்கிறார்கள் என்பதுதான் ரொம்ப நாள் சொல்லப்பட்ட விளக்கம். அப்படியென்றால் தீர்வும் சுலபம்: ஆளை உள்ளே விடாதே.

1990-களில் எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனத்தினர் மண்ணையும் தண்ணீரையும் பழைய வன ஆவணங்களையும் சேர்த்துப் பார்த்தபோது வேறு விடை கிடைத்தது. ஆங்கிலேயர் காலத்தில் தொடங்கி 1970-கள் வரை, விறகுக்காகவும் மரத்துக்காகவும் காட்டைப் பாத்தி பாத்தியாகப் பிரித்து, முறைவைத்து மொத்தமாக வெட்டியிருக்கிறார்கள். வெட்டியது அரசு. தானாகவே மறுபடி வளரும் என்பது கணக்கு.

வளரவில்லை. அலையாத்தி மண் தண்ணீரில் ஊறிய பஞ்சு மாதிரி. நிழல் போனதும் வெயிலில் காய்ந்து சுருங்கி அமுங்கியது. சமமாக இருந்த தரை தாம்பாளம் மாதிரி குழிந்துவிட்டது. ஓதம் ஏறும்போது உள்ளே வரும் கடல்தண்ணீர் வற்றத்தின்போது வெளியே போக வழியில்லாமல் தேங்கும். வெயிலில் ஆவியாகும், உப்பு மட்டும் மிஞ்சும். அடுத்த ஓதம், மறுபடி உப்பு. இப்படியே ஏறி ஏறி, உப்பைத் தாங்குவதற்கென்றே பிறந்த அலையாத்தி விதைகூட முளைக்க முடியாத மண்ணாகிவிட்டது. அங்கே எத்தனை லட்சம் கன்று நட்டாலும் சாகத்தான் செய்யும்.

மீன்முள் வாய்க்கால்

காரணம் தெரிந்ததும் வைத்தியம் எளிமையானது: தண்ணீர் வரவும் போகவும் வழி செய். இயற்கையான ஓடையிலிருந்து சாய்வாக ஒரு பெரிய வாய்க்கால், அதிலிருந்து இரண்டு பக்கமும் சாய்வாகச் சின்ன வாய்க்கால்கள். மேலிருந்து பார்த்தால் மீன்முள் மாதிரி இருக்கும். ஓதம் தினமும் வந்து போக, உப்பு கரைந்து வெளியேறியது. அதற்குப் பிறகுதான் வெண்கண்டல் கன்றுகளை நட்டார்கள்.

ஆனால் வண்டல் சேர்ந்தால் வாய்க்கால் தூர்ந்துவிடும். நம்ம ஏரி வாய்க்கால் கதையேதான். குடிமராமத்து இல்லாவிட்டால் எந்த வாய்க்காலும் சில வருஷத்துக்கு மேல் நிற்காது. வருஷா வருஷம் தூர்வாரப் போவது யார்? எந்த இடத்தில் தண்ணீர் நிற்கிறது, எங்கே ஓடுகிறது என்று தினமும் பார்ப்பவர்கள் யார்? முன்பு யாரை உள்ளே விடாதே என்றார்களோ, அவர்கள்தான்.

கிள்ளை பக்கத்து எம்.ஜி.ஆர். நகர் இருளர் மக்கள் இதற்கு நல்ல உதாரணம். வலைகூட இல்லாமல், ஓடைத் தண்ணீரில் இறங்கிக் கையால் துழாவி இறால் பிடித்து, பல்லில் கடித்துத் தொங்கவிட்ட ஓலைப் பறியில் போட்டு வாழ்ந்தவர்கள். காட்டில் இருந்தும் காட்டின் மேல் எந்த உரிமையும் இல்லாதவர்கள். ஊர்மக்கள், வனத்துறை, ஆராய்ச்சி நிறுவனம் மூன்றும் சேர்ந்த கூட்டு மேலாண்மையில் அவர்களும் வந்தார்கள். கிராமத்துக்கு ஒரு மன்றம். வாய்க்கால் வெட்டுவதற்குக் கூலி, பராமரிப்பில் பங்கு. கூடவே சாதிச் சான்றிதழ், வலை, படகு என்று அவர்களுக்குத் தேவைப்பட்ட விஷயங்களும் பேசப்பட்டன. காட்டைக் காப்பாற்று என்று வெறுமனே சொன்னால் யாரும் கேட்கப் போவதில்லை, இல்லையா?

பலன்? 1986, 2002 செயற்கைக்கோள் படங்களை ஒப்பிட்டு செல்வம் குழுவினர் 2003-ல் 'கரண்ட் சயின்ஸ்' இதழில் எழுதினார்கள்: பிச்சாவரத்தின் அலையாத்திப் பரப்பு சுமார் 90 சதவீதம் கூடியிருந்தது.

சுனாமியைத் தடுத்ததா?

2004 டிசம்பர் 26. காட்டுக்கு முன்னால் கடலோரம் இருந்த ஊர்கள் அழிந்தன, பின்னால் இருந்தவை தப்பின என்று 2005-ல் 'சயின்ஸ்' இதழில் ஒரு கட்டுரை வந்தது. அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தின் பரங்கிப்பேட்டை ஆய்வாளர்களும் 18 குடியிருப்புகளின் கணக்கை எடுத்து அதே முடிவுக்கு வந்தார்கள்.

2006-ல் வேறு மூவர் அதே 18 ஊர்க் கணக்கை மறுபடி அலசி எதிர்வாதம் வைத்தார்கள். காட்டுக்குப் பின்னால் இருக்கும் ஊர் கடலிலிருந்து தள்ளியும் இருக்கிறது, கொஞ்சம் மேட்டிலும் இருக்கிறது. தூரத்தையும் உயரத்தையும் கழித்துவிட்டால் மரங்களின் பங்கு மிகச் சொற்பம் என்றார்கள். அலையாத்தி இருந்தால் சுனாமி பற்றிக் கவலை இல்லை என்று நம்பி அலையோரத்தில் வீடு கட்டினால் உயிர்தான் போகும். அதனால் இந்தச் சந்தேகத்தை நாமும் மனதில் வைத்துக்கொள்வது நல்லது. சாதாரணப் புயல் அலைகளின் வேகத்தைக் குறைப்பதிலும், கரை அரிப்பைத் தடுப்பதிலும் வேர்களுக்குப் பங்கு உண்டு என்பதில் இவ்வளவு சச்சரவு இல்லை.

மண்ணுக்குள் இருக்கும் கரி

காலநிலை விஷயத்தில் அலையாத்தியின் பெரிய சொத்து கண்ணுக்குத் தெரியாது. இந்திய, பசிபிக் பெருங்கடல் பகுதிகளில் 25 காடுகளை அளந்து 2011-ல் வெளியான ஆய்வு, எக்டேருக்குச் சராசரியாக 1,023 டன் கார்பன் இருப்பதாகச் சொன்னது. பெரும்பங்கு மண்ணில்தான். தண்ணீர் ஊறிய சேற்றில் ஆக்சிஜன் கிடையாது, அதனால் விழுந்த இலையும் வேரும் எளிதில் மக்குவதில்லை. அந்தச் சேறு காய்ந்தால் நூற்றாண்டுகளாகச் சேர்ந்த கரி காற்றில் கலக்கும். ஆக, மரத்தை வெட்டிவிட்டு வேறு இடத்தில் கன்று நடுகிறோம் என்பது இங்கே ஈடாகாது.

2022-ல் பிச்சாவரம் ராம்சார் பட்டியலில் சேர்ந்தது. மகிழ்ச்சி. ஆனால் மீன்முள் வாய்க்கால் கடல்தண்ணீரின் வழியைத்தான் சரிசெய்யும். நல்ல தண்ணீர் மேற்கேயிருந்து வர வேண்டும். இன்று அங்கே வெண்கண்டல்தான் மிகுதி, அதிக உப்பைத் தாங்கும் இனம் அது. கொள்ளிடத்தில் மணலை எவ்வளவு அள்ளுகிறோம், வெள்ளாற்றில் எதைக் கலக்கிறோம், எத்தனை நாள் தண்ணீர் விடுகிறோம் என்பதையெல்லாம் எம்.ஜி.ஆர். நகர் மன்றம் முடிவு செய்ய முடியாது. அந்த முடிவுகள் நம்ம பக்கம் எடுக்கப்படுகின்றன. திருமானூரில் மணல் பற்றிப் பேசும்போது, பிச்சாவரமும் அந்தப் பேச்சில் இருக்கிறது.