குளோரின் இருந்தும் பச்சையான குளம்

கிளமெண்டியில் நான் துணைப்பாடம் சொல்லித்தரும் தரைவீட்டில் சிறிய நீச்சல் குளம் உண்டு. சென்ற ஜூன் விடுமுறையில் அது பாசி பிடித்துப் பச்சையானது. அங்கிள் குளோரின் மாத்திரைகளை மேலும் மேலும் போட்டார், பயனில்லை. அளந்து பார்த்தோம். சயனூரிக் அமிலம் 120 பிபிஎம்! 30 முதல் 50 வரை இருந்தாலே போதும்.

இவ்வமிலம் வெயிலில் குளோரினுக்குக் குடை. அளவு மிஞ்சினாலோ குளோரினையே கட்டிப்போட்டுவிடும். கிருமி சாவது தாமதமாகும். 'ட்ரைகுளோர்' மாத்திரை 10 பிபிஎம் குளோரின் தரும்போது ஏறத்தாழ 6 பிபிஎம் அமிலத்தையும் சேர்க்கிறது. குளோரின் செலவாகிவிடும், அமிலம் ஆவியாகாமல் தங்கிவிடும். (வேதியியல் மாணவனான எனக்கே அன்றுதான் தெரிந்தது!)

மூன்றில் இரண்டு பங்கு நீரை இறைத்துப் புதுநீர் விட்டால் 120 என்பது 40 ஆகும். தண்ணீர்க் கட்டணத்தை எண்ணி அங்கிள் தயங்கினார். நீந்தப்போவது அவர் மகனாயிற்றே, இறைத்துவிட்டார். இப்போது திரவக் குளோரின்தான் ஊற்றுகிறார். அதில் இவ்வமிலம் இல்லை.