ஈப்போ வீட்டுத் தொட்டியில் கடல் நட்சத்திரம்: உப்பின் அளவே உயிர்

ஈப்போ - தோட்டப்புறத்தில் வளர்ந்தவர்களுக்கு மீன் வளர்ப்பு என்றால் கால்வாயில் பிடித்த சண்டைமீனும் ஒரு போத்தலும்தான். அதே பழக்கத்தோடு தாமான் வீட்டில் உப்புநீர்த் தொட்டி வைப்பவர்கள் முதலில் இழப்பது பெரும்பாலும் 'பிரிட்டல் ஸ்டார்' போன்ற மென்மையான உயிர்களைத்தான்.

இது நட்சத்திர மீனின் உறவு. நடுவில் காசு போன்ற சிறு வட்டு. அதைச் சுற்றிப் பொதுவாக ஐந்து நீண்ட கைகள் பாம்புபோல் நெளியும். உலகில் 2,000க்கும் மேற்பட்ட வகைகள் உள்ளன. எதிரி பிடித்தால் கையை ஒடித்துவிட்டுத் தப்பும். ஒடிந்த கை மீண்டும் வளரும். பகலில் பாறையடியில் ஒளிந்து, இரவில் வெளியே வந்து மீன்கள் விட்ட மிச்ச உணவைத் தின்னும். தொட்டியைத் துப்புரவாக வைப்பதால்தான் பலர் இதை விரும்பி வாங்குகிறார்கள்.

இதன் உடலுக்குள் இருக்கும் உப்பின் அளவு சுற்றியுள்ள நீரைப் பொறுத்தே அமைகிறது. அதைத் தனியாகச் சீர்செய்யும் திறன் இதற்கு இல்லை. எனவே நீரின் உப்பு திடீரென மாறினால் தாங்காது. ஒரு லிட்டருக்குச் சுமார் 35 கிராம் உப்பு என்பது கடலின் அளவு. 100 லிட்டர் தொட்டிக்கு ஏறக்குறைய மூன்றரை கிலோ. சமையல் உப்பு உதவாது. மீன் கடைகளில் கிடைக்கும் கடல் உப்புக் கலவையே தேவை. குழாய்நீரில் குளோரின் இருப்பதால் அதை நீக்கிய பிறகே உப்பைக் கலக்க வேண்டும்.

நம் ஊர் வெயில் இன்னொரு சோதனை. தொட்டி நீர் 24 முதல் 27 பாகை செல்சியசுக்குள் இருப்பது நல்லது. அதற்காக விசிறி வைத்தால் நீர் வேகமாக ஆவியாகும். ஆவியாவது தண்ணீர் மட்டுமே; உப்பு தொட்டியிலேயே தங்கிவிடும். ஆகவே குறைந்த அளவை நிரப்ப நன்னீரைத்தான் ஊற்ற வேண்டும். உப்புநீரை ஊற்றினால் உப்பு நாளுக்கு நாள் ஏறும்.

புதிய தொட்டியில் உடனே விடக்கூடாது. கழிவை முறிக்கும் நுண்ணுயிர்கள் பெருகப் பல வாரங்கள் ஆகும். வாங்கி வந்த பிறகும், தொட்டி நீரைச் சொட்டுச் சொட்டாகப் பையில் சேர்த்துப் பழக்கிய பின்பே இறக்க வேண்டும். மீனுக்கு வெள்ளைப்புள்ளி நோய் வந்தால் செம்பு கலந்த மருந்தை இதே தொட்டியில் ஊற்றக்கூடாது. மீனைக் குணமாக்கும் அந்த மருந்து இதைக் கொன்றுவிடும். நோயுற்ற மீனை வேறு தொட்டிக்கு மாற்றிச் சிகிச்சை தருவதே வழி.

வகையறிந்து வாங்குவதும் முக்கியம். பச்சை நிறப் பெரிய வகை, உடலை உயர்த்திக் குகைபோல் நின்று, அடியில் ஒதுங்கும் சிறு மீனைக் கைகளால் சுருட்டிப் பிடித்துத் தின்னும். காலையில் மீன் காணவில்லை என்றால் காரணம் இதுவாகவும் இருக்கலாம்.

லுமுட், பங்கோர் பக்கம் போகும்போது பாறையடியில் கண்டதைப் போத்தலில் அள்ளி வருவதும் வேண்டாம். கடல் பூங்காப் பகுதிகளில் அனுமதியின்றி உயிரினங்களை எடுப்பது 1985ஆம் ஆண்டு மீன்வளச் சட்டப்படி குற்றமாகும்.

ஒரு கை ஒடிந்தால் பதற வேண்டியதில்லை. பல கைகள் அடுத்தடுத்து உதிர்ந்தால், உடனே நீரைச் சோதித்துப் பாருங்கள்.