பிசியோ யாருடைய ஆள்?

திருவாரூர் மாவட்டம் வடுவூரில் கபடி ஊறிப்போன விளையாட்டு. 2025 அக்டோபரில் பஹ்ரைனில் நடந்த ஆசிய இளையோர் போட்டியில் தங்கம் வென்ற இந்திய அணியில் ஆடிய அபினேஷ் மோகன்தாஸ் அந்த ஊர்க்காரர். தை பிறந்தால் தஞ்சை, மன்னார்குடி பக்கமெல்லாம் மின்னொளி கபடிதான்.

அங்கே அடிக்கடி அடிபடுவது முட்டி. பாடிப்போனவர் காலை ஊன்றித் திரும்பும் நேரத்தில் கணுக்காலைப் பிடித்துவிட்டால், உடம்பு திரும்பும், கால் திரும்பாது. உள்ளே குறுக்கு ஜவ்வு கிழியும். பிசியோ, அதாவது அணியின் இயன்முறை மருத்துவர், முட்டியைச் சற்றே மடக்கி, கீழ்க்காலை முன்னால் இழுத்துப் பார்ப்பார். நல்ல ஜவ்வு சட்டென்று பிடித்து நிறுத்தும். நிற்காமல் வழுக்கி வந்தால் அன்றைய ஆட்டம் முடிந்தது. அறுவை சிகிச்சை செய்தாலும் களத்துக்குத் திரும்பக் குறைந்தது 9 மாதமாவது வேண்டும்.

“அரையிறுதி மட்டும் ஆடட்டும், டேப் போட்டு விடுங்க” என்பார் அணியை அழைத்து வந்தவர். பிசியோவுக்குப் பணம் தருபவரும் அவர்தான். பையனும் ஆடத்தான் துடிப்பான். இன்னொரு முறை முட்டி நழுவினால் குருத்தெலும்பும் சிதையலாம் என்று அவனுக்குப் புரியச் சொல்லாமல் வாங்கும் சம்மதம் சம்மதமே அல்ல. 18 வயது நிறையாதவன் என்றால் பெற்றோரிடமும் பேசியாக வேண்டும்.

அணிக்குப் பணிந்துபோனால் என்ன ஆகும் என்பதற்கு லண்டனில் ஒரு சாட்சி உண்டு. 2009 ஏப்ரலில் ஹார்லெக்வின்ஸ் ரக்பி அணி, ரத்தக் காயம் என்று காட்டி ஆளை மாற்றுவதற்காக வீரர் வாயில் போலி ரத்தக் குப்பியைக் கடிக்க வைத்தது. அதை வாங்கி வைத்திருந்தவர் அணியின் பிசியோ ஸ்டெஃப் பிரென்னன். பயிற்சியாளர் சொன்னார், இவர் செய்தார். தொழில் பதிவே பறிபோனது. மேல்முறையீட்டுக்குப் பிறகுதான் தண்டனை எச்சரிக்கையாகக் குறைந்தது.

பிசியோ காக்க வேண்டிய இன்னொன்று ரகசியம். புதுக்கோட்டை மாவட்டம் கத்தக்குறிச்சியின் சாந்தி சௌந்தரராஜன் 2006 தோஹா ஆசியப் போட்டியில் 800 மீட்டரில் வெள்ளி வென்றார். அவருடைய பாலினப் பரிசோதனை முடிவு ஊடகங்களில் ஊரறியப் பேசப்பட்டது. அது மருத்துவர்கள் செய்த சோதனை. ஆனால் வீரரின் உடம்பைப் பற்றி அறிந்த எல்லோருக்கும் ரகசியம் காக்கும் பொறுப்பு ஒன்றுதான். வீரரைக் கேட்காமல் முட்டி ஸ்கேனை மேலாளரின் வாட்ஸ்அப்புக்கு அனுப்புவதும் கூடாது.

2021-ல் வந்த மத்தியச் சட்டம் பிசியோதெரபியை முறைப்படுத்தப்பட்ட சுகாதாரத் தொழில்களில் சேர்த்திருக்கிறது. கிராமத்துக் களத்துக்கு அது மட்டும் போதாது. பிசியோவுக்கு ஊதியத்தை அணிகள் தரக் கூடாது, போட்டி நடத்தும் குழுவே தர வேண்டும். அவர் “வேண்டாம்” என்று சொன்ன வீரரை நடுவர் களத்தில் இறங்க விடவும் கூடாது.