கேம் ஃபோல்டரில் ஒரு டிஎல்எல் ஃபைல்: கிராஃபிக்ஸ் மாட், ஃபிரேம் லிமிட்டர் போடும் முன் தெரிந்துகொள்ள வேண்டியவை

புனேயில் இருக்கும் யூபிசாஃப்ட் ஸ்டுடியோவுக்கு 2020 செப்டம்பரில் ஒரு பெரிய வாய்ப்பு வந்தது. 2003-ல் வெளியான 'பிரின்ஸ் ஆஃப் பெர்ஷியா: தி சாண்ட்ஸ் ஆஃப் டைம்' கேமை புனே, மும்பை ஸ்டுடியோக்கள் சேர்ந்து புதிதாக உருவாக்கப் போவதாக அறிவிப்பு வெளியானது. டிரெய்லரைப் பார்த்த ரசிகர்கள் கிராஃபிக்ஸை வறுத்தெடுத்தார்கள். வெளியீடு தள்ளிப்போனது. 2022 மே மாதம் வேலை மாண்ட்ரியலுக்கு மாற்றப்பட்டது. 2026 ஜனவரியில் யூபிசாஃப்ட் அந்த ரீமேக்கையே கைவிட்டது.

ஆக, உங்களுக்கு அந்த இளவரசனோடு விளையாட ஆசை என்றால், 2003-ன் பழைய கேம்தான் கதி. அதுவோ அகலத் திரைகள் வருவதற்கு முந்தைய காலத்தில் எழுதப்பட்டது. இன்றைய லேப்டாப்பில் ஒழுங்காக ஓட, முன்பின் தெரியாத யாரோ ஒரு ரசிகர் எழுதிய டிஎல்எல் ஃபைலை கேம் ஃபோல்டருக்குள் போட வேண்டியிருக்கும். "டவுன்லோட் பண்ணு, காப்பி பண்ணு, அவ்ளோதான்" என்று யூடியூப் வீடியோ சொல்லும். அந்த ஃபைல் உள்ளே போய் என்ன செய்கிறது என்பதை வீடியோ சொல்லாது. அதைத்தான் இங்கே பார்க்கப் போகிறோம்.

ஒரு ஃபைல் எப்படி கேமுக்குள் நுழைகிறது?

எந்த கேமும் திரையில் தானாகப் படம் வரைவதில்லை. "இந்த முக்கோணத்தை வரை, இந்த நிறத்தைப் பூசு" என்று விண்டோஸில் இருக்கும் டைரக்ட்எக்ஸ் நூலகத்திடம் சொல்லும். பழைய கேம்களுக்கு அந்த நூலகத்தின் பெயர் டி3டி9.டிஎல்எல். புதியவற்றில் டிஎக்ஸ்ஜிஐ.டிஎல்எல் என்ற ஃபைல் இந்த வேலையில் இருக்கும்.

இந்தப் பெயரில் ஒரு ஃபைல் வேண்டும் என்று கேம் கேட்டால், விண்டோஸ் முதலில் கேமின் சொந்த ஃபோல்டரில்தான் தேடும். அங்கே இல்லை என்றால்தான் சிஸ்டம் ஃபோல்டருக்குப் போகும். மாட் எழுதுபவர்கள் பயன்படுத்துவது இந்த வரிசையைத்தான். அதே பெயரில் தங்கள் ஃபைலை கேம் ஃபோல்டரில் வைத்துவிடுகிறார்கள். கேம் அதை அசல் என்று நம்பிக் கட்டளைகளை அனுப்புகிறது. மாட் அதை வாங்கி, தன் வேலையைச் செய்துவிட்டு, அசல் நூலகத்துக்குக் கைமாற்றுகிறது. உங்கள் ஹவுசிங் சொசைட்டி வாசலில் செக்யூரிட்டி பார்சலை வாங்கி, பிரித்து, எதையோ சேர்த்து, மறுபடி ஒட்டி மாடிக்கு அனுப்பினால் எப்படி இருக்கும்? அதேதான்.

இன்னொரு வழியும் இருக்கிறது. எம்எஸ்ஐ ஆஃப்டர்பர்னரோடு சேர்ந்து வரும் ரிவாட்யூனர் போன்ற மென்பொருள்கள், ஓடிக்கொண்டிருக்கும் கேமுக்குள் தங்கள் டிஎல்எல்லை நேரடியாகச் செருகுகின்றன. திரை மூலையில் எஃப்பிஎஸ் எண் தெரிவதெல்லாம் இப்படித்தான்.

இரண்டு வழியிலும் ஒரு விஷயம் பொது. உள்ளே போன பிறகு அந்த ஃபைலுக்கும் கேமுக்கும் நடுவே சுவர் கிடையாது. கேமுக்கு உங்கள் கணினியில் என்னென்ன அனுமதி உண்டோ, அத்தனையும் அந்த ஃபைலுக்கும் உண்டு.

கிராஃபிக்ஸ் மாட் என்ன செய்கிறது?

ஒரு ஃபிரேமை வரைந்து முடித்ததும், "இதைத் திரையில் காட்டு" என்று கேம் ஒரு கட்டளை தரும். அதன் பெயர் பிரசென்ட். ரீஷேட் போன்ற மாட் அந்த இடத்தில் குறுக்கே வந்து, வரைந்த படத்தின் மேல் நிறத்தை மாற்றும், விளிம்புகளைக் கூர்மையாக்கும், நிழல் சேர்க்கும். இன்ஸ்டாகிராம் ஃபில்டர் போலத்தான். வித்தியாசம் என்னவென்றால், இது நொடிக்கு 60 முறை நடக்க வேண்டும்.

இந்த வகையில் முன்னோடி, போரிஸ் வோரன்ட்சோவ் எழுதிய ஈஎன்பி சீரிஸ். 'ஜிடிஏ சான் ஆண்ட்ரியாஸ்' விளையாடியவர்களுக்கு அந்தப் பெயர் பழக்கமானதாக இருக்கும்.

ஃபிரேமை ஏன் வேண்டுமென்றே குறைக்க வேண்டும்?

"எஃப்பிஎஸ் கூடினால்தானே நல்லது?" என்று கேட்கலாம். கணக்கைப் பாருங்கள். உங்கள் லேப்டாப் திரை 60 ஹெர்ட்ஸ் என்றால், நொடிக்கு 60 முறைதான் அது படத்தை மாற்றும். கேம் 200 ஃபிரேம் வரைந்தால், அதில் 140 ஃபிரேம் நீங்கள் முழுதாகப் பார்க்காமலே போகும். அதை வரையச் செலவான மின்சாரமும், அதனால் வந்த சூடும், விசிறி சத்தமும் மட்டும்தான் மிச்சம். புனேயின் ஏப்ரல் வெயிலில் ஏசி இல்லாத பிஜி அறையில் உட்கார்ந்து விளையாடுபவருக்கு இது சின்ன விஷயமில்லை.

இதற்கு ஒரு பிரபலமான உதாரணம் உண்டு. 2021 ஜூலையில் அமேசானின் 'நியூ வேர்ல்ட்' சோதனை ஓட்டத்தில் ஈவிஜிஏ நிறுவனத்தின் சில ஆர்டிஎக்ஸ் 3090 கார்டுகள் செத்துப்போயின. கார்டில் இருந்த சால்டரிங் குறைதான் காரணம் என்று ஈவிஜிஏ பிறகு சொன்னது. ஆனாலும் மெனு திரையில் ஃபிரேம் ரேட்டுக்கு வரம்பு இல்லாமல் இருந்தது பேசுபொருளாகி, அமேசான் அங்கே ஒரு வரம்பைக் கொண்டுவந்தது.

இரண்டாவது காரணம், சீரான ஓட்டம். 60 எஃப்பிஎஸ் என்றால் ஒரு ஃபிரேமுக்கு 16.67 மில்லிநொடி. ஒரு நொடியில் 59 ஃபிரேம்கள் தலா 13.56 மில்லிநொடியில் வந்து, ஒன்று மட்டும் 200 மில்லிநொடி எடுத்தாலும் சராசரி 60 என்றே காட்டும். உங்கள் கண்ணுக்கோ கேம் ஒரு கணம் உறைந்துபோனது தெரியும். ஃபிரேம் லிமிட்டர், பிரசென்ட் கட்டளையைக் கொஞ்சம் காக்க வைத்து, இடைவெளியை ஒரே அளவாக்கப் பார்க்கிறது. கார்டே திணறினால் அது ஒன்றும் செய்ய முடியாது. கார்டில் தெம்பு மிச்சம் இருக்கும்போதுதான் பலன்.

மூன்றாவது காரணம், சில கேம்களில் நேரமே ஃபிரேமோடு கட்டப்பட்டிருக்கிறது. 'ஸ்கைரிம்' 60-ஐத் தாண்டினால் மேஜையில் இருக்கும் பொருள்கள் பறக்க ஆரம்பிக்கும். 'சான் ஆண்ட்ரியாஸ்' கேமில் லிமிட்டரை ஆஃப் செய்தால் சிஜே நீந்துவதே மந்தமாகிவிடும். 2012 ஆகஸ்டில் 'டார்க் சோல்ஸ்' பிசிக்கு வந்தபோது 30 எஃப்பிஎஸ் பூட்டோடு வந்தது. உள்ளே படம் வரையப்பட்ட அளவு வெறும் 1024x720. டியூராண்டே என்ற பெயரில் எழுதும் ஒரு புரோகிராமர், கேம் வெளியான அன்றே டிஎஸ்ஃபிக்ஸ் என்ற மாட்டைத் தந்து அந்தப் பட அளவைச் சரிசெய்தார். பிறகு 30 எஃப்பிஎஸ் பூட்டும் திறந்தது. கூடவே எச்சரிக்கையும் வந்தது: 60-ல் ஓட்டினால் தாவும் தூரம் குறையலாம், ஏணியில் சறுக்கும்போது தரைக்குள் விழலாம்.

ஆன்லைன் கேமில் போட்டால் என்ன ஆகும்?

இங்கேதான் ஜாக்கிரதை. சுவருக்குப் பின்னால் எதிரியைக் காட்டும் சீட் மென்பொருளும் இதே வழியில்தான் உள்ளே நுழைகிறது. பின்கதவால் வருபவர் பிளம்பரா திருடரா என்று ஆன்டி-சீட் விசாரித்துக்கொண்டிருக்காது.

2023 அக்டோபரில் நடந்ததைக் கேளுங்கள். ஏஎம்டி தன் 23.10.1 டிரைவரில் ஆன்டி-லேக் பிளஸ் என்ற வசதியை 'கவுன்டர்-ஸ்டிரைக் 2'-க்கும் கொண்டுவந்தது. அது கேமின் டிஎல்எல் செயல்பாடுகளைத் திசைதிருப்பும் முறையில் வேலை செய்தது. விளைவு, அதை ஆன் செய்து விளையாடியவர்களுக்குத் தடை. "ஏஎம்டி பயனர்கள் இதைப் பயன்படுத்த வேண்டாம்" என்று வால்வ் பொதுவெளியில் எச்சரித்தது. ஏஎம்டி அந்த டிரைவரைத் திரும்பப் பெற்றது. தவறாக விழுந்த தடைகளை வால்வ் நீக்க வேண்டி வந்தது. கார்டு தயாரித்த கம்பெனிக்கே இந்தக் கதி. உங்கள் மாட்டுக்காக அப்படி யாரும் பேசப் போவதில்லை.

ரீஷேட்டே இதை உணர்ந்து நடந்துகொள்கிறது. அதன் வழக்கமான பதிப்பு, கேம் இணையத்தோடு பேசுவதைக் கண்டால் காட்சியின் ஆழத் தகவலை எடுப்பதை நிறுத்திவிடும். ஆட்-ஆன் வசதியுள்ள முழுப் பதிப்பு, தனியாக விளையாடும் கேம்களுக்கு மட்டும் என்று சொல்லித்தான் தருகிறார்கள்.

மாட் எழுதியவரை நம்பலாமா?

2015 மே மாதம் 'ஜிடிஏ 5'-க்கு வந்த 'ஆங்ரி பிளேன்ஸ்', 'நோகிளிப்' என்ற இரண்டு மாட்களுக்குள் தகவல் திருடும் மால்வேர் இருந்தது கண்டுபிடிக்கப்பட்டது.

2023 பிப்ரவரியில் நடந்தது வேறு மாதிரி. 'ஃபைனல் ஃபேன்டசி 14' ரசிகர்கள் பரவலாகப் பயன்படுத்திய ஜிஷேட்டை வேறு வழியில் அப்டேட் செய்ய ஓர் இளம் புரோகிராமர் ஒரு கருவி எழுதினார். கோபமடைந்த ஜிஷேட் உருவாக்குநர், அப்படி அப்டேட் செய்பவர்களின் கணினி தானாக ரீஸ்டார்ட் ஆகும்படி கோடு சேர்த்தார். விஷயம் வெளியானதும் பலர் ஜிஷேட்டை விட்டு ரீஷேட்டுக்கு மாறினார்கள். அது வைரஸ் இல்லை. பல வருடம் நம்பிப் பயன்படுத்திய மென்பொருள்தான். உள்ளே விட்ட பிறகு அது என்ன செய்யும் என்பது எழுதியவர் கையில்.

ஆபீஸ் லேப்டாப்பில் போடலாமா?

கூடாது. ஹிஞ்சவடியோ சிறுசேரியோ, வீக்எண்டில் ஆபீஸ் லேப்டாப்பில் பழைய கேம் ஓட்டுபவர்கள் இருக்கத்தான் செய்கிறார்கள். ஆனால் ஒரு டிஎல்எல் பெயரில் இன்னொன்றை ஓடவைப்பது, ஹேக்கர்களின் உத்திகளைத் தொகுக்கும் மைட்டர் அட்டாக் பட்டியலில் உள்ள ஒரு தாக்குதல் முறை. நிறுவனத்தின் பாதுகாப்பு மென்பொருள் தேடுவதே இந்த மாதிரி நடத்தையைத்தான். அலாரம் அடித்தால், "சார், அது பிரின்ஸ் ஆஃப் பெர்ஷியா" என்று ஐடி டீமிடமும் பிறகு ஹெச்ஆரிடமும் நீங்கள்தான் விளக்க வேண்டியிருக்கும்.

அப்போ என்ன செய்யலாம்?

• ஃபிரேமைக் குறைப்பது மட்டுமே நோக்கம் என்றால் மாட் தேவையில்லை. முதலில் கேமின் செட்டிங்ஸைப் பாருங்கள். அதில் இல்லை என்றால், என்விடியா கன்ட்ரோல் பேனலில் 2020 ஜனவரியிலிருந்தே அதிகபட்ச ஃபிரேம் ரேட் என்ற வசதி இருக்கிறது. ஏஎம்டி மென்பொருளிலும் இதற்கான வசதி உண்டு.

• ஆன்லைன் போட்டி கேம்களின் ஃபோல்டரில் எந்த டிஎல்எல்லும் வேண்டாம். கணக்கு போனால், அதில் வாங்கிய ஸ்கின்களும் போன மாதிரிதான்.

• தனியாக விளையாடும் கேமுக்கு மாட் போடும்போது, எழுதியவரின் சொந்தப் பக்கத்திலிருந்து மட்டும் எடுங்கள். யூடியூப் வீடியோவுக்குக் கீழே இருக்கும் ஜிப் ஃபைலைத் தொடாதீர்கள்.

• ஆன்டிவைரஸை ஆஃப் பண்ணச் சொன்னால் அங்கேயே நின்றுவிடுங்கள். நல்ல மாட்டையும் ஆன்டிவைரஸ் தவறாகப் பிடிப்பது உண்டு. அதை முடிவு செய்ய வேண்டியது, ஆஃப் பண்ணச் சொல்லும் ஆள் அல்ல.

• நீங்கள் போட்ட ஃபைல்களின் பெயரைக் குறித்துவையுங்கள். கேம் கிராஷ் ஆனால் அவற்றை நீக்கினாலே பெரும்பாலும் பழைய நிலைக்கு வந்துவிடும். சேவ் ஃபைலையும் முன்பே ஒரு காப்பி எடுத்து வைப்பது நல்லது.