ரூம் போட்டது ஹோட்டலில் அல்ல, தியான இல்லத்தில்! பாச்சலூர் மலையில் ஏமாற்றத்தைத் தவிர்ப்பது எப்படி?

கோடை வெயில் தாங்காமல் மதுரையிலிருந்து ஒரு குடும்பம் மலையேறுகிறது என்று வைத்துக்கொள்வோம். கணவன், மனைவி, இரண்டு பிள்ளைகள், முழங்கால் வலியோடு ஒரு பாட்டி. கொடைக்கானலில் சீஸன் வாடகையைக் கேட்டதுமே தலைசுற்றுகிறது. அப்போதுதான் தெரிந்தவர் ஒருவர், 'பாச்சலூர் பக்கம் சர்ச் நடத்துற ரெஸ்ட் ஹவுஸ் இருக்கு. வாடகை கம்மி, அமைதியான இடம்' என்று ஒரு நம்பர் தருகிறார். வாட்ஸ்அப்பில் பூந்தோட்டம், பனிமூட்டம், வெள்ளைக் கட்டடம் என நாலு போட்டோ வருகிறது. முன்பணம் ஜிபேயில் போகிறது.

ஒட்டன்சத்திரம், வடகாடு வழியாக வளைந்து வளைந்து மேலே போனால், மாலையில் ஊர் வருகிறது. போட்டோவில் இருந்த கட்டடம்தான். ஆனால், ரூம் மாடியில். கைப்பிடி இல்லாத படிகள். இரண்டு இரும்புக் கட்டில், மெல்லிய மெத்தை. வெந்நீர் காலை 6 மணியிலிருந்து 7 மணி வரை மட்டும். இரவுச் சாப்பாடு ஏழரைக்கு, தாமதமானால் கிடையாது. 9 மணிக்கு கேட் பூட்டப்படும். பிள்ளைகள் வராந்தாவில் ஓடியதும் ஒருவர் வந்து, 'உள்ளே தியானம் நடக்குது, சத்தம் வேண்டாம்' என்று சொல்லிவிட்டுப் போகிறார். 'காலையில ஏரியில போட்டிங் போகலாமா?' என்று சின்னவன் கேட்கிறான். அந்த ஏரி இருப்பது கொடைக்கானல் நகரத்தில்!

இப்படி ஒரு பயணத்தில் யார் மீது தப்பு?

தியான இல்லம் என்றால் என்ன?

'ரெட்ரீட் ஹவுஸ்' என்ற பெயரைக் கேட்டதும் பலருக்கும் 'ரிசார்ட்' நினைவுதான் வருகிறது. இரண்டுக்கும் தொடர்பே இல்லை. கத்தோலிக்கர்கள் தமிழில் இதைப் பழைய நாளில் 'ஞான ஒடுக்கம்' என்றார்கள். புலன்களை ஒடுக்கி, பேச்சைக் குறைத்து, சில நாள்கள் ஜெபத்தில் இருப்பது. இயேசு சபையை நிறுவிய புனித இஞ்ஞாசியார் வகுத்த ஞானப் பயிற்சியின் முழு வடிவம் 30 நாள்கள், அதுவும் மௌனத்தில். புராட்டஸ்டன்ட் சபைகளிலும் உபவாச ஜெபம், வாலிபர் முகாம் என்று இதே மாதிரியான கூடுகைகள் உண்டு.

அதற்காகக் கட்டப்பட்ட இடத்தில் டி.வி இல்லாததும், எளிய சாப்பாடும், நேரக் கட்டுப்பாடும் குறைகள் அல்ல. அங்கே வருபவர்கள் தேடி வருவதே அதைத்தான். கூட்டம் இல்லாத நாள்களில் பொது மக்களுக்கும் ரூம் தரும்போதுதான் சிக்கல் ஆரம்பிக்கிறது. தருபவர் ஜெப வீட்டைத் தருகிறார். வாங்குபவர் ஹோட்டலை எதிர்பார்த்து வருகிறார்.

சிறுமலையில் தொடங்கிய கதை

இந்த மலைகளில் சபைகள் ஓய்வு இல்லம் தேடியதற்கும், அதில் ஏமாந்ததற்கும் நீண்ட வரலாறு உண்டு. 1834-ல் மதுரையில் பணியைத் தொடங்கிய அமெரிக்க மிஷனரிகள், முதல் பத்து ஆண்டுகளிலேயே காய்ச்சலுக்கும் காலராவுக்கும் பலரைப் பறிகொடுத்தார்கள். குளிர்ந்த இடம் தேடி முதலில் அவர்கள் நம்பிப்போனது சிறுமலையை. அங்கேயும் மலேரியா விடவில்லை. அதன் பிறகுதான் பழநி மலையின் உச்சிப் பகுதிக்குப் போனார்கள். 1845-ல் 'சன்னி சைடு', 'ஷெல்டன்' என்ற இரண்டு பங்களாக்களில் குடியேறினார்கள். இன்றைய கொடைக்கானலின் தொடக்கம் அந்த இரண்டு வீடுகள்தான். அங்கே ஏரி வந்தது 1863-ல். இயேசு சபையினர் செண்பகனூரில் திரு இருதயக் கல்லூரியைத் தொடங்கியது 1895-ல்.

அன்று மலைக்கு வந்தவர்கள் உயிர் பிழைக்க வந்தார்கள். நேரத்துக்கு வெந்நீர் வருமா என்று பார்க்கவில்லை. இன்று வருபவர்கள் வருடத்துக்கு ஒருமுறை சேர்த்துவைத்த காசில், மூன்று நாள் சந்தோஷத்துக்காக வருகிறார்கள். அந்தக் காசுக்கும் மதிப்பு உண்டு.

பாச்சலூர் கொடைக்கானல் அல்ல

தாலுகா கொடைக்கானல்தான். ஆனால், பாச்சலூர் இருப்பது கீழ்ப்பழநி மலையில். தாண்டிக்குடி, பண்ணைக்காடு வழியாகக் கொடைக்கானல் நகரத்துக்குப் போய்த் திரும்புவதற்குள் ஒரு பகல் பொழுது கரைந்துவிடும். உயரம் குறைவு என்பதால் கொடைக்கானல் குளிரையும் இங்கே எதிர்பார்க்க முடியாது.

இங்கே இருப்பது வேறு அழகு. நிழல் மரங்களுக்குக் கீழே காபிச் செடிகள், மரங்களைச் சுற்றி ஏறிய மிளகுக்கொடிகள், மலைவாழைத் தோட்டங்கள். பழநி பஞ்சாமிர்தத்தின் ருசிக்குக் காரணமான விருப்பாட்சி மலைவாழை விளையும் மலை இதுதான். காட்டுமாடும் யானையும் நடமாடும் மலையும் இதுதான். ராத்திரி கேட்டைப் பூட்டுவதற்கு அதுவே போதுமான காரணம். 'ஸ்பாட்' பார்க்க வருபவர்களுக்கு பாச்சலூர் ஏமாற்றம். சும்மா உட்கார்ந்திருக்க வருபவர்களுக்கு வரம்.

முன்பணம் அனுப்பும் முன் கேளுங்கள்

* அந்த நாள்களில் தியானமோ முகாமோ நடக்கிறதா? குழந்தைகளோடு வரலாமா?
* தரைத்தளத்தில் ரூம் உண்டா? வெஸ்டர்ன் டாய்லெட் இருக்கிறதா? வயதானவர்கள் வந்தால் இதுதான் முதல் கேள்வி.
* வெந்நீர், சாப்பாடு, கேட் பூட்டும் நேரம் என்ன? கரன்ட் போனால் ஜெனரேட்டர் உண்டா?
* வழிபாட்டில் கலந்துகொள்வது கட்டாயமா? வேறு மதத்தினர் தங்கலாமா?
* ரூமுக்குள் எடுத்த போட்டோ அனுப்ப முடியுமா? தோட்டத்து போட்டோவில் யாரும் தூங்கப்போவதில்லை.
* வராவிட்டால் முன்பணம் திரும்பக் கிடைக்குமா?

பதில்களை வாட்ஸ்அப்பில் எழுத்தாக வாங்கிக்கொள்வது நல்லது. ரசீதையும் கவனிக்க வேண்டும். 'நன்கொடை' என்று மட்டும் எழுதித் தந்தால், அது ரூம் வாடகை என்று பின்னால் நிரூபிப்பது கஷ்டம். எத்தனை நாள், எந்த ரூம், எவ்வளவு வாடகை என்று இருக்க வேண்டும்.

'சர்ச் இடமாச்சே' என்று சும்மா இருக்க வேண்டுமா?

பலர் வாயை மூடிக்கொள்வது இந்தத் தயக்கத்தால்தான். சாமி இடத்தில் குறை சொல்லக் கூடாது என்பது எல்லா மதத்தினருக்கும் பழகிப்போன எண்ணம். ஆனால், மௌனமும் எளிமையும் வேறு. அழுக்குப் படுக்கை விரிப்பும், தண்ணீர் வராத குழாயும், சொன்னதற்கு மேல் வாங்கும் பணமும் வேறு. முதலாவது அந்த இடத்தின் இயல்பு. இரண்டாவது, யார் நடத்தினாலும் சேவைக் குறைபாடு.

முதலில் அங்கேயே பொறுப்பாளரிடம் நேரில் சொல்லிப் பார்க்கலாம். ரூமை மாற்றித் தந்தாலே பாதிப் பிரச்னை தீர்ந்துவிடும். சரியாகவில்லை என்றால் போட்டோ எடுத்துவைத்துக்கொண்டு, நிர்வாகத்துக்கு எழுத்து மூலம் தெரிவிக்கலாம். அதற்கும் பதில் இல்லையென்றால், தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-ஐ அழைக்கலாம். கட்டணம் வாங்கிக்கொண்டு தரும் சேவைக்கு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம், 2019 பொருந்தும். குறை ஏற்பட்ட இரண்டு ஆண்டுகளுக்குள் மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் புகார் தரலாம். 5 லட்சம் ரூபாய் வரையிலான சேவைக்கு புகார்க் கட்டணம் கிடையாது.

நடத்துபவர்களுக்கும் இதில் ஒரு வேலை உண்டு. 'இது ஹோட்டல் அல்ல, ஜெப வீடு. இவையெல்லாம் உண்டு, இவையெல்லாம் இல்லை' என்று முன்பே நாலு வரி அனுப்பினால் போதும். அந்த நாலு வரி வந்திருந்தால், முழங்கால் வலியோடு வந்த பாட்டி மாடிப்படிக்குக் கீழே தயங்கி நின்றிருக்க மாட்டார்.